காற்று நிற்கும்வரை

மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம். பட்டம் விடப் போய், காற்று நிற்பதற்காக அவ்வளவு நேரம் காத்திருந்த கழகம் உலகில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பட்ட வான்படக் கழகம். அதில் உறுப்பினராக இருப்பது எனக்குப் பெருமை.

பட்டத்தில் கேமராவைக் கட்டி மேலே அனுப்பிப் படம் எடுப்பது எங்கள் 'இலட்சியம்'. நான் இயற்பியல் படித்தவள் என்பதால் கேமராவுக்குத் தாங்கி செய்யும் வேலை எனக்கு. கூச்சப்படுகிறவள் என்பதால் நன்றியுரையும் எனக்கு. யாரும் கேட்காத பகுதி அதுதான் என்று செயலாளர் குணேஸ்வரி ஆன்டி தைரியம் சொன்னார்.

நான் சேர்ந்ததில் கொஞ்சம் சுயநலம் உண்டு. எங்கள் வீட்டு வரிசை கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வருடமாகச் சிறு மழைக்கே சமையலறையில் தண்ணீர். பின்னால் உயரமான தகர வேலி. அதற்கப்பால் எங்கேயோ கால்வாய் அடைபட்டிருக்கிறது. எங்கே என்று காட்டினால் பார்க்கலாம் என்றது நகராட்சி அலுவலகம். அங்கே டிரோனுக்கு அனுமதியில்லை. கழகத்தின் முத்திரையோடு கேட்டதால் பட்டத்துக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தது. பக்கத்து வீட்டு ரமணி அக்காவும் உடனே உறுப்பினரானார்.

தலைவர் ராதாகிருஷ்ணன் தொலைநோக்கு உள்ளவர். லோரி தொழில். சரக்கு அடுக்கும் தன் ஸ்டோரின் கூரைமேல் தன் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். தரையில் நிற்பவர் யாருக்கும் தெரியாது. "பிளேன்ல போறவனுக்குத் தெரியணும் லா," என்பார்.

காலையில் குன்றின்மேல் இருக்கும் கிள்ளான் கோட்டைக்குப் போனோம். மரங்களுக்கு நடுவே இலைகூட அசையவில்லை. விளக்கேற்றப் பொருத்தமான இடம். ஆனால் நிகழ்ச்சி நிரலில் குத்துவிளக்கு துறைமுகத்தில் என்று அச்சாகியிருந்தது. கோட்டை வாசலில் பட்டத்தைப் பிடித்தபடி கைத்தொலைபேசியில் குழுப்படம் எடுத்துக்கொண்டு, நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

துறைமுகத் திடலில் கடற்காற்று பிரமாதம். விளக்கு எரிய மறுத்தது. விளக்கேற்றாமல் எதையும் தொடங்குவது 'மரபல்ல'. பத்துப் பேர் பதாகையை வளைத்துப் பிடித்து மறைத்தார்கள். பதாகை பறந்தது. அன்று அதிகாரபூர்வமாகப் பறந்தது அது மட்டுமே.

பேட்டரி விளக்கு வைக்கலாமே என்றார் சிவேந்திரன் என்ற புது உறுப்பினர்.

"நாளைக்குப் பட்டத்துக்குப் பதிலா பலூன் விடலாம்னு சொல்லுவீங்க," என்றார் தலைவர். "காத்து நிக்கட்டும். முறையா ஆரம்பிப்போம்."

நானும் ரமணி அக்காவும் 'நூலைச் சோதிக்க' திடலின் மறுமுனைக்குப் போனோம். எங்கள் தகர வேலி அங்கேதான் தொடங்குகிறது. பட்டம் அழகாக ஏறியது. வான்படக் கழகத்தில் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. எல்லோரும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேமராவை இறக்கிப் படத்தைப் பார்த்தோம். அக்கா கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீதான் சொல்லணும். மைக் உன் கைக்குத்தான் வரும்."

"என்னால முடியாதுக்கா."

"அப்ப அடுத்த மழைக்கும் அடுப்பத் தூக்கி மேசை மேல வைப்போம்."

மாலையில் காற்று நின்றது. கைதட்டலுக்கிடையே ஐந்து திரிகளும் ஆடாமல் எரிந்தன. தலைவர் பட்டத்தோடு திடலை இருமுறை சுற்றி ஓடினார். பட்டம் அவருக்குப் பின்னால் புல்லில் இழுபட்டு வந்தது. பறத்தல் வெற்றிகரமாகத் தொடக்கி வைக்கப்பட்டதாகக் குணேஸ்வரி ஆன்டி அறிவித்தார்.

நன்றியுரைக்கு என்னை அழைத்தபோது பாதிப் பேர் கறிபப் பலகாரத் தட்டைச் சுற்றி நின்றார்கள். விளக்குக்கும், பதாகை பிடித்த கைகளுக்கும், ஒத்துழைத்து நின்ற காற்றுக்கும் நன்றி சொன்னேன். ரமணி அக்கா கேமராவை மார்போடு அணைத்தபடி முன்வரிசைக்கு வந்து நின்றார்.

"கடைசியா தலைவர் அங்கிளுக்கு நன்றி," என்றேன். "கூரை மேல அவ்வளவு பெரிசா பேர் எழுதி வச்சிருக்கீங்க. இல்லன்னா, எங்க கால்வாய மண்ணு போட்டு மூடி, அது மேல ஸ்டோர் கட்டினது நீங்கதான்னு எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."