நூற்றிருபது யூனிட் பந்தயம்

இந்த வீட்டில் என் பேச்சு ஒரு முறையாவது எடுபட வேண்டும் என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம் ஆகிறது. அவசரப்பட்டு எடுத்த முடிவு என்று யாரும் சொல்ல முடியாது.

பிரச்சினை பின்னறையில் தொடங்கியது. அங்கே என் வெட்டு மேஜை கிடந்தது. நான் தையற்காரன். முப்பத்தெட்டு வருஷம் கடை வைத்திருந்து, நாலு வருஷத்துக்கு முன் மூடினேன். மிஷின்களைக் கொடுத்துவிட்டேன். மேஜையைக் கொடுக்க மனம் வரவில்லை. ஏழடி நீளம், நாலடி அகலம். அதைப் பின்னறையில் போட்ட பிறகு, உள்ளே போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

குளிர் தொடங்கும் முன் மகள் போன் செய்தாள். எங்கள் ஊரிலேயே அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. குளிர்காலம் முடிவதற்குள் கைக்குழந்தையோடு வந்துவிடுவாளாம். வீடு கிடைக்கும் வரை எங்களோடுதான்.

"பின்னறைய ஒழிச்சிடலாம்," என்றாள் என் மனைவி. "ஒரு ஹீட்டர் வெச்சா குழந்தைக்குக் கதகதன்னு இருக்கும்."

"மேஜை?"

"மேஜைக்கு எதுக்கு ஹீட்டர்?"

"அது நான் தைக்கிற இடம்மா."

"நாலு வருஷத்துல என்ன தைச்சீங்க?"

"பதினோரு தலையணை உறை."

"வீட்டுல இருக்கிறது நாலு தலையணை."

மேஜையைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. ஹீட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹீட்டர் கரண்டைக் குடிக்கும்."

"கூரை மேல எட்டு சோலார் பேனல் இருக்குல்ல?"

"அது வெயில் காலத்துச் சாமான். குளிர்ல எங்க வேலை செய்யும்? இஸ்திரிப் பெட்டிய ஐஸ்ல வெச்சா சுடுமா?"

அவள் பின்னிக்கொண்டிருந்த கம்பளிச் சட்டையை மடியில் வைத்தாள். "சரிங்க. ஒரு மாசத்துக்கு எத்தனை யூனிட் வந்தா ஒத்துக்குவீங்க?"

"நூத்திருபது."

"எந்த மாசம்? குளிர்காலத்துல மூணு மாசம் இருக்கு. நீங்களே சொல்லுங்க."

நான் யோசித்தேன். நடு மாதத்தில்தான் எங்கள் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும். முற்றத்து வாளியில் ஐஸ் கட்டும். குழாயே உறைகிற குளிரில் பேனல் எம்மாத்திரம்?

"நடு மாசம்," என்றேன்.

"சரி," என்றாள் உடனே.

அவள் உடனே 'சரி' சொன்ன இடங்களை இந்த நாற்பத்தோரு வருஷத்தில் எண்ணி வைத்திருந்தால், நான் அப்போதே எழுந்து போயிருப்பேன். மற்றதையெல்லாம் எண்ணுகிறவன், அதை எண்ணாமல் விட்டேன்.

பந்தயம் இதுதான். நூற்றிருபது வந்தால் மேஜை போக வேண்டும். வராவிட்டால் மேஜை இருக்கும். மகளும் குழந்தையும் கூடத்தில் படுத்துக்கொள்ள வேண்டும்.

புது நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். வாசல் நடையில் பேனலுக்கான மீட்டர் மாட்டியிருக்கிறது. தினமும் மாலை நாலரைக்குப் பார்த்து எழுதினேன். முதல் மாதம் முழுக்க வானம் அழுக்குத் துணி மாதிரி இருந்தது. மொத்தம் 74.3.

"பாத்தியா? குளிர் ஏற ஏற இன்னும் குறையும்."

"இது உங்க மாசம் இல்லையே," என்றாள்.

என் மாதம் பிறந்தது. வாளியில் ஐஸ். மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர். ஆனால் வானம் வெளுத்து, நீலம் போட்டுக் காயவைத்த மாதிரி. முதல் நாள் 4.4. இரண்டாம் நாள் 4.7. மூன்றாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். எங்கள் பேனலை மாட்டியவர் அங்கேதான் குடியிருக்கிறார்.

"தம்பி, நீங்க மாட்டின மீட்டர் கெட்டுப்போச்சு."

"ஏன் ஐயா, ஒண்ணும் காட்டலையா?"

"காட்டுதே! அதான் பிரச்சினை."

அவர் நோட்டைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு. பேனலுக்குச் சூடு வேண்டாம் ஐயா, வெளிச்சம்தான் வேணும். சூடு அதிகமானா அது சோர்ந்து போகும். குளிரும் நல்ல வெயிலும் சேர்ந்தா அதுக்கு ஒரே குஷி. பகல் சின்னது, அதனால கோடைய விடக் குறையும். மத்தபடி அதுக்கு எதிரி மேகம்தான்."

"இதை எனக்கு யாரும் சொல்லலையே!"

"மாட்டின அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேனே. எந்த மாசம் வானம் தெளிவா இருக்கும்னுகூட விசாரிச்சாங்க."

வீட்டுக்கு வந்தேன். அவள் குழந்தைச் சட்டையின் இரண்டாவது கையைப் பின்னிக்கொண்டிருந்தாள். என் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கை.

"உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

"நீங்க கேக்கலையே."

"நடு மாசம்னு நான் சொன்னப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுக்காரர் பேசறப்ப குறுக்க பேசலாமாங்க?"

அன்றிலிருந்து நான் மீட்டரின் முன்னாலேயே குடியிருந்தேன். நடையில் நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். டீ அங்கே. சாப்பாடு அங்கே. எண் ஒவ்வொரு முறை ஏறும்போதும் மேஜையின் ஒரு கால் ஆடுவதுபோல் இருந்தது. இருபத்து மூன்றாம் நாள் கணக்கு 106.8. இன்னும் எட்டு நாள். தோற்றேன் என்றே நினைத்தேன்.

இருபத்து நாலாம் நாள் பனி கொட்டியது. மூன்று நாள் விடவில்லை. எட்டுப் பேனலும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டன. 0, 0, 0. என் வாழ்க்கையில் இவ்வளவு அழகான பூஜ்யங்களை எழுதியதில்லை. பிறகு பனி சரிந்தது. ஆனால் நாலு நாள் மேகம். மொத்தமே 8.9. ஆக முப்பதாம் நாள் முடிவில் 115.7. கடைசி நாளில் 4.3 வர வேண்டும்.

கடைசி நாள் விடிந்ததும் வெளியே ஓடினேன். ராத்திரி மறுபடி பனி பெய்திருந்தது. பேனல் மேல் நாலு விரல் கனம். மேலே மட்டும் மேகமே இல்லாத வானம்.

"தானா சரியுமா?" என்றேன், கவலைப்படுகிறவன் போல.

"சரியும். மத்தியானத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள பாதி வெயில் போயிடும்." அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்க."

குரலில் கிண்டலே இல்லை. கூடத்துக்குப் போய்க் கையால் முழம் போட்டு அளந்தாள். "தொட்டில இங்க போட்டா வாசக் காத்து அடிக்கும். அங்க போட்டா அடுப்புப் புகை..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் நோட்டைத் திறந்தேன். கடைசிக் கட்டத்தில் மாலை ஒரு சின்ன எண்ணை எழுத வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருவரையும் மேல்கோட்டோடு நிற்க வைத்து நான் சட்டைக்கு அளவெடுத்ததில்லை. "கழட்டிட்டு நில்லுங்க" என்றுதான் சொல்லுவேன். இத்தனை வெயிலில் பேனலைப் பனியோடு நிற்க வைத்து அளவெடுத்தால், அது என்ன அளவு?

அளவுக்காகத்தான் போனேன். வேறு காரணம் இல்லை.

ஜன்னல் திரைக் கம்பியைக் கழற்றினேன். நுனியில் பழைய கம்பளியைச் சுற்றிக் கட்டினேன். பேனல் இருப்பது முன்பக்கத் தாழ்ந்த கூரையில். ஏணி போட்டு ஏறிவிட்டேன். நான் தெருவில் தும்முவதற்கே கூச்சப்படுகிறவன். ஏணியில் நின்று திரைக் கம்பியை வீசுவதை ஊரே பார்க்கும் என்று அப்போது தோன்றவில்லை.

"ஐயா!" எதிர்வீட்டிலிருந்து குரல். "உங்க மேஜைக்கு நீங்களே குழி தோண்டறீங்களே!"

நாலு ஜன்னல் திறந்தது. எல்லா ஜன்னலிலும் சிரிப்பு. பந்தயம் தெரு முழுக்கத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா, "இடது ஓரம் விட்டுப்போச்சு பாருங்க!" என்றார். காது மடல் எரிய, இடது ஓரத்தையும் தள்ளினேன். ஒன்பது இருபதுக்கு எட்டுப் பேனலும் பளிச்சென்று இருந்தன.

அப்புறம் வந்ததுதான் வெயில். வானம் ஒரு பக்கம், தரையில் கிடந்த பனி ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து கண்ணைக் கூசவைத்தன. பன்னிரண்டு மணிக்கே 2.6. இரண்டு மணிக்கு 4.4. நான் எழுந்து நின்றுவிட்டேன். தோற்றவன் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று சந்தேகமாக இருந்தது. நாலரைக்கு 5.2. மொத்தம் 120.9.

நோட்டை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். தொண்டையைச் செருமினேன்.

"நான் சொன்ன சொல் மாறாதவன். நாளைக்கே மேஜைய எடுத்திடலாம். குழந்தை பின்னறையில படுக்கட்டும்."

"ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு," என்றாள். பின்னல் வரிசையை எண்ணுகிறவள்போல் தலை நிமிரவே இல்லை.

மேஜையைக் கடைசியாக ஒரு முறை தடவிப் பார்க்கலாம் என்று பின்னறைக்குப் போனேன். குளிர் தொடங்கியதிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. கதவைத் திறந்தேன். முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடித்தது. சுவருக்கு வெளிர் மஞ்சள் பெயின்ட் அடித்துக் காய்ந்திருந்தது. மூலையில் ஹீட்டர். ஜன்னலோரம் தொட்டில், அதில் மடித்த சின்னப் போர்வை. கட்டில்கூடப் போட்டிருந்தது. மேஜை மட்டும் இல்லை.

"மேஜை எங்க?"

"எதிர்வீட்டுத் தம்பி வேலை செய்ய ஒண்ணு வேணும்னாரு. குடுத்துட்டேன்."

"அப்ப பந்தயம்?"

"உங்கள அந்த ரூம் பக்கம் வர விடாம வெச்சிருக்க எனக்கு வேற வழி தெரியலைங்க."

"எப்ப குடுத்தே? நான் நாள் முழுக்க வாசல்லயேதானே உக்காந்திருந்தேன்!"

"உங்க மாசம் பன்னெண்டாம் தேதி, மத்தியானம். தூக்கிட்டு வந்த ரெண்டு பேரையும் 'மீட்டரை மறைக்காதீங்க, சீக்கிரம் வெளிய கொண்டு போங்க'ன்னு அதட்டினதே நீங்கதான்."