முத்திரை வைத்த கேமராவும் தங்கள் தங்கையின் வேக நடையும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நானும் தங்கள் தங்கையும் நலம். அவ்விடம் தாங்களும், மாவுக்கட்டுக்குள் ஓய்வெடுக்கும் தங்கள் வலது காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்களுக்குக் கால் உடைந்த செய்தி வந்ததிலிருந்து தங்கள் தங்கைக்கு ஒரே குறை. மூத்தோர் வேக நடைப் போட்டிக்கு அவள் பெயர் கொடுத்ததே தாங்கள் வந்து பார்ப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தானாம். "அண்ணன் பார்க்கலைன்னா நான் ஜெயிச்சாலும் பாதி ஜெயிச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, மீதிப் பாதியை என் தலையில் கட்டிவிட்டாள். அதாவது, போட்டி முழுவதையும் நான் படம் பிடித்துத் தங்களுக்கு அனுப்ப வேண்டும்.

தாங்கள் அனுப்பிய கிம்பல் என்னும் கருவி வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த துண்டுச் சீட்டும் வந்து சேர்ந்தது. "மாப்பிள்ளை, போன தடவை நீங்க எடுத்த வீடியோவைப் பார்த்து எனக்குத் தலை சுத்திடுச்சு. கேமராவை இதுல மாட்டி எடுங்க. கை நடுங்கினாலும் படம் நடுங்காது" என்று எழுதியிருந்தீர்கள். என் கை நடுங்குவதைப் பற்றி எழுதியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவனுக்கு, கடைத்தெருவில் கால் வைத்தாலே நாலு கடையில் தராசுத் தட்டைத் துடைக்கும் சத்தம் கேட்கும்படி வாழ்ந்தவனுக்கு, "முதலில் கேமராவைச் சமநிலைப்படுத்தவும்" என்று ஒரு குட்டிப் புத்தகம் பாடம் சொல்வதா? அதை மேசை டிராயரில் போட்டு மூடினேன். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம்.

கேமராவை மாட்டி மோட்டாரைப் போட்டேன். கருவி ஒரு தடவை உறுமியது, பிறகு குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி உதறியது, பிறகு கேமரா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. முன்பக்கம் கனம், அதனால் கவிழ்கிறது, பின்பக்கம் எடை சேர்த்தால் தீர்ந்தது என்று கணக்குப் போட்டு, நான் ஓய்வு பெற்றபோது அலுவலக நண்பர்கள் பரிசளித்த பித்தளை எடைக்கற்கள் பெட்டியைத் திறந்து, ஒரு கல்லை கேமராவின் முதுகில் டேப் போட்டு ஒட்டினேன். பின்னால் சாய்ந்தது. முன்னால் ஒரு சின்னக் கல் ஒட்டினேன். மறுபடி கவிழ்ந்தது. பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போனதில் பெட்டி காலியாகிவிட்டது, கேமரா கண்ணுக்கே தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்த தங்கள் தங்கை திரும்பிப் பார்த்து, "ஏங்க, கேமராவை எடைக்குப் போடப் போறீங்களா?" என்றாள். டிராயரைத் திறந்தாள், புத்தகத்தை எடுத்தாள், மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். "கல்லையெல்லாம் பிரிச்சு எடுங்க. மோட்டாரை அணைங்க. கேமராவைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க. கையை விட்டா விட்ட இடத்துலயே நிக்கணும், அவ்வளவுதான்."

தள்ளினேன். நின்றது, மச்சான்! கவிழ்த்தால் கவிழ்ந்தபடி நிற்கிறது, நிமிர்த்தினால் நிமிர்ந்தபடி நிற்கிறது. இப்போது மோட்டாரைப் போட்டால் சத்தமே இல்லை. நான் கையை ஆட்டினேன், நாற்காலி மேல் ஏறிக் குதித்தேன், மாடிப்படியில் தடதடவென்று இறங்கினேன், கேமரா மட்டும் எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. கைப்பிடியில் ஒரு விசை இருக்கிறது. இரண்டு தடவை அழுத்தினால் கேமரா சமர்த்தாக முன்னால் பார்க்கும். மூன்று தடவை அழுத்தினால் முழுசாகத் திரும்பி நம் மூஞ்சியையே பார்க்கும். அது முதல் தடவை அப்படித் திரும்பியபோது நான் பயந்துபோய் "ஒண்ணுமில்லைம்மா" என்று பதில் சொல்லிவிட்டேன்.

இங்கேதான் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. எங்கள் துறையில் தராசைச் சரிபார்த்தால் முத்திரை வைக்காமல் எழுந்திருக்க மாட்டோம். சரியாக நிற்கும் ஒரு சாதனத்தை முத்திரையில்லாமல் விட்டுவிட்டு எப்படித் தூங்குவது? கேமராவைப் பிடித்திருக்கும் திருகின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி, பழைய சீருடைப் பொத்தானால் அழுத்தி முத்திரை வைத்துவிட்டேன். அது இறுகியதைப் பார்த்ததும் மனசுக்கு என்ன நிம்மதி தெரியுமா!

மறுநாள் மைதானத்தில் போட்டியாளர்கள் எல்லாரும் புறப்படும் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் லென்ஸ் மூடியைக் கழற்றினேன். நம் பழைய கேமராவின் மூடி கெட்டி இரும்பு என்பது தங்களுக்குத் தெரியும். மூடியோடு சேர்த்துத்தான் நான் சமநிலைப்படுத்தியிருக்கிறேன்! மூடி போனதும் முன்பக்கம் லேசாகி, கேமரா மெல்ல மெல்லத் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது, மோட்டார் முனகியது. முன்னால் தள்ளலாமென்றால் திருகு அசையவில்லை. அதன் மேல் என் முத்திரை. முத்திரையை உடைத்தவர்கள் மேல் வாழ்நாளெல்லாம் வழக்குப் போட்ட கை, மச்சான், அந்தக் கையால் எப்படி உடைப்பேன்? கோட்டிலிருந்து தங்கள் தங்கை, "என்னங்க ஆச்சு?" என்றாள். "மேல பார்க்குது" என்றேன். விறுவிறுவென்று வந்து, கொண்டையிலிருந்து ஊசியை உருவி, அரக்கை ஒரே நெம்பில் பெயர்த்தாள். "வழக்குப் போடறதா இருந்தா சாயந்தரம் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கோட்டுக்குப் போய்விட்டாள். நான் கேமராவை ஒரு நூல் முன்னால் தள்ளி இறுக்கவும் விசில் ஊதவும் சரியாக இருந்தது.

வேக நடையில் எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டுமாம். அவள் நடக்கிறாள், நான் உள்பக்கப் புல்தரையில் பக்கத்திலேயே ஓடுகிறேன், அப்படியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. சின்ன வயதில் அண்ணன் நடைக்கு ஈடுகொடுத்து நடந்தே வந்த வேகம் என்கிறாள். நடுவர் ஒருவர் மஞ்சள் அட்டையை என் முகத்துக்கு நேராக நீட்டி, "ரெண்டு காலும் தரையில இல்ல, ஜாக்கிரதை!" என்றார். "நான் போட்டியில இல்லீங்க, நான் புருஷன்!" என்றேன். "அப்ப ஓடுங்க" என்று விட்டுவிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரம்மா. தெருத்தெருவாக நடந்தே காலம் தள்ளியவர், அவரை யாரும் தாண்ட முடியாது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கடைசி வளைவில் தங்கள் தங்கையின் கொண்டை அவிழ்ந்தது. அவள் அதைக் கட்ட நிற்கவில்லை. முடி பறக்க, கை வீசி, தபால்காரம்மாவுக்குப் பக்கத்தில் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, தாண்டி... ஜெயிச்சுட்டா மச்சான்! உங்க தங்கச்சி ஜெயிச்சுட்டா!

மன்னிக்கவும். அந்த நேரத்தில் நான் மிகுந்த நிதானத்துடன் இருந்தேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கல்யாணத்தன்று "உன் வீட்டுக்காரர் கல்லுப் பிள்ளையார், சந்தோஷம் வந்தாலும் முகத்துல தெரியாது" என்று தாங்கள் அவளிடம் சொன்னது எனக்கும் தெரியும். அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ளவில்லை. "நன்று" என்று ஒரு தடவை சொன்னேன், அவ்வளவே. மைதானத்தில் தூசி அதிகமாக இருந்ததால் கண்ணைத் துடைத்தேன். விரலால் விசையை இறுகப் பற்றியபடி, கேமராவை அவள் மேலேயே வைத்திருந்தேன்.

வீடியோ இத்துடன் வருகிறது. தங்களுக்கு முன் நான் பார்ப்பது மரியாதையல்ல என்பதால் இன்னும் பார்க்கவில்லை. தங்கள் கால் விரைவில் கூடி, அடுத்த போட்டியில் புல்தரையில் தாங்கள் ஓட, நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாக்கியம் கிட்டட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தங்கள் தங்கை வீடியோவைப் போட்டுப் பார்த்துவிட்டாள். கடைசி வளைவில் அவள் கொண்டை அவிழ்ந்த நேரத்தில் என் விரல் விசையை மூன்று தடவை அழுத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் படத்தில் இல்லை. நான் இருக்கிறேன். "போம்மா, போடி ராசாத்தி, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், குதிக்கிறேன், நடுவரைக் கட்டிப்பிடிக்கிறேன், அவர் தோளில் முகத்தை வைத்து ஏங்கி ஏங்கி அழுகிறேன். தூசி எங்கும் தென்படவில்லை. வெட்கமாக இருக்கிறது, அனுப்ப வேண்டாம், அழித்துவிடலாம் என்று கெஞ்சினேன். அவள் வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையேதான் அனுப்பணும். நான் ஜெயிப்பேன்னு அண்ணனுக்கு எப்பவோ தெரியும். இதைத்தான் அவர் நேர்ல பார்த்தாலும் நம்ப மாட்டார்" என்கிறாள். ஆகவே அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் தாங்கள் கவனிக்க வேண்டும், மச்சான். அத்தனை குதியிலும் என் முகம் படத்தின் நட்டநடுவில், ஒரு நூல் பிசகாமல் நிற்கிறது.