விரைவிலங்கு எண் ஒன்று

மனிதனுக்கு ஓய்வுக் காலத்தில் ஒரு பொழுதுபோக்கு அவசியம். இதை எனக்குச் சொன்னவன் என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி. அவனிடம் ஊதுகுழல் நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமராவும், அதைத் தாங்க மூன்று கால் ஸ்டாண்டும் உண்டு. வனவிலங்குத் துறை வருஷாவருஷம் நடத்தும் புகைப்படப் போட்டியில் ஏதாவது ஒரு கொக்கைக் காட்டிப் பரிசு வாங்கிவிடுவான். வாங்கிய கையோடு நேரே என் வீட்டுக்கு வருவான். பதினோரு வருஷமாக வருகிறான். போன வருஷப் பரிசை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

அதனால் நானும் ஒரு சின்னக் கேமரா வாங்கினேன். ஸ்டாண்டு வாங்கவில்லை, கையில் பிடித்தே எடுப்பதென்று வைராக்கியம். கையில்தான் கோளாறு. முப்பத்தெட்டு வருஷம் சாலையைத் துளைக்கும் இயந்திரத்தைப் பிடித்த கை அது. நான் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. கைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

எனக்குக் கிடைத்த ஒரே விலங்கு எங்கள் நாய். பெயர் சோம்பேறி. அந்தப் பெயருக்கு அது இன்றுவரை ஒரு களங்கமும் வரவிட்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் புல்லில் படுத்திருந்ததை எடுத்தேன். நாய் அசையவில்லை. நான் அசைந்தேன். படத்தில் பழுப்பாக ஒரு கீற்று, அதன் முனையில் ஒரு காது.

மச்சான் வாங்கிப் பார்த்தான். "என்ன மாமா, காத்தைப் படம் எடுத்திருக்கீங்க?"

அந்த ஒரு சொல்லுக்காகவே அதைப் போட்டிக்கு அனுப்பினேன். விலங்கின் பெயர் என்ற கட்டத்தை வீம்புக்குக் காலியாக விட்டேன். காணப்படும் இடம் என்ற கட்டத்தில் என் முகவரியை எழுதினேன்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. மேற்படி படத்தை வல்லுநர் குழு கூர்ந்தாய்வு செய்ததில், அது இதுவரை அறியப்படாத விரைவிலங்கு எனவும், மணிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது எனவும் தீர்மானிக்கப்பட்டதாம். மறுநாள் நாலு பேர் வலையோடு வந்தார்கள். சோம்பேறி அந்த வலையைத் தனக்கு விரித்த பாய் என்று நினைத்து, தானே போய் அதன்மேல் படுத்துக்கொண்டது. நால்வருக்கும் துணிச்சலுக்கான பாராட்டுப் பத்திரம் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நாய் இல்லாமல் இந்தப் படியேறாதீர்கள் என்று வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டாள். "அனுப்புறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா? உங்க மூஞ்சியை அனுப்பியிருக்கலாமே" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

துறை அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாம் ஜன்னலில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், கொல்லைக் கூண்டில், சோம்பேறி மல்லாந்து கிடந்தது. என்னைப் பார்த்து வாலை இரண்டு தடவை ஆட்டியது. அதன் அளவுக்கு அது பெரிய உழைப்பு.

"சார், அது என் நாய்."

"ஆதாரம்?"

வீட்டுக்காரி எப்போதோ எடுத்த படத்தைக் கொடுத்தேன். மூக்கு, மீசை, வாயில் கவ்விய என் செருப்பு எல்லாம் பளிச்சென்று தெரியும் படம்.

"தெளிவா இருக்கே" என்றார்.

"ஆமா சார்."

"விரைவிலங்கு தெளிவா விழாது. இது வேற நாய்."

போட்டிக்கு அனுப்பிய படத்தின் பிரதியை நீட்டினேன்.

"இது கலங்கலா இருக்கு. அப்ப விலங்குதான். துறைக்குச் சொந்தம்."

"ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்க சார். தூங்கிட்டிருக்கு. கலங்கலாவா தெரியுது?"

அவர் திரும்பவில்லை. "கண்ணால பார்க்கிறதெல்லாம் பதிவுல ஏறாது பெரியவரே."

அடுத்த ஐந்து வாரம் நான் எங்கே தங்கினேன் என்பதை எழுதப் பிடிக்கவில்லை. மச்சான் வீட்டில்.

இதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவி, கலங்கலே நாகரிகம் ஆகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் ஆடும் நாற்காலி ஒன்று செய்து, அதில் உட்கார்ந்து படமெடுத்தார். ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை யார், வாழ்த்த வந்த தீயணைப்புக்காரர் யார் என்று பெண்ணின் அம்மாவுக்கே தெரியவில்லை. உயர்ந்த ரசனை என்று எல்லாரும் பாராட்டினார்கள். மச்சான் ஸ்டாண்டைப் பரணில் போட்டுவிட்டு, கை நடுங்க வேண்டும் என்பதற்காக நாளைக்கு ஒன்பது காபி குடித்தான். பரிசுக்கு ஆசைப்பட்டு அவரவர் நாயை அவரவர் ஆட்டி எடுத்து அனுப்பினார்கள். துறையும் முறைப்படி வலையோடு போய், மொத்தம் இருபத்தேழு விரைவிலங்குகளைப் பிடித்துக் கொண்டுவந்தது.

ஆண்டறிக்கைக்கு விரைவிலங்கு எண் ஒன்றின் புதுப் படம் தேவைப்பட்டது. துறையின் சொந்தப் புகைப்படக்காரர் ஸ்டாண்டு வைத்து எடுத்தார். படத்தில் நாய்தான் விழுந்தது. கேமரா பழுது என்று எழுதி வேறு வாங்கினார்கள். அதிலும் நாய். மூன்றாவதிலும் நாயே விழுந்ததும், இயக்குநரே காரில் என்னைத் தேடி மச்சான் வீட்டு வாசலுக்கு வந்தார். மச்சான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தார். நான் குளித்து முடிக்கும்வரை அவரை நிற்கவைத்தேன். அன்றைக்கு இரண்டு தடவை குளித்தேன்.

நாயைக் கொடுத்தால் படம் தருகிறேன் என்றேன். விலங்கைத் திருப்பித் தர விதியில்லை. ஆனால் துறை ஊழியர் ஒருவர் தன் வீட்டில் விலங்கைப் பராமரிக்க விதி இருக்கிறது என்றார். அன்றே நான் கலங்கல் பட வல்லுநராக நியமிக்கப்பட்டேன். சாயந்திரம் வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். சோம்பேறிக்குத்தான் திறந்தாள். அதன் பின்னாலேயே நானும் நுழைந்துகொண்டேன்.

மாதம் ஒரு படம், காலையில் மூன்றாம் ஜன்னலில் மனு பார்ப்பது: இவ்வளவுதான் வேலை. போன திங்கட்கிழமை எங்கள் தெருத் தையல்கார அம்மா வந்தாள். தன் நாயைக் கேட்டு ஒரு படம் நீட்டினாள். நெற்றியில் வெள்ளை, கழுத்தில் அவள் தைத்த சிவப்புப் பட்டை, எல்லாம் பளிச்சென்று இருந்தது. அவள் குரல் கேட்டதுமே என் முதுகுக்குப் பின்னால் ஒன்று கம்பியைப் பிறாண்டிக்கொண்டு அழுதது.

நான் யோசித்தேன். அது நாய் என்றால் சோம்பேறியும் நாய். சோம்பேறி நாய் என்றால் எனக்கு நாய் உண்டு, பதவி இல்லை. விலங்கு என்றால் இரண்டும் உண்டு.

"படம் தெளிவா இருக்கும்மா. செல்லாது" என்றேன்.

அவள் படத்தை எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிண்ணே? உங்க நாய் மட்டும் வீட்டுல இருக்கு."

"எங்க வீட்டுல நாய் ஏதும்மா" என்றேன்.