ஒரு காசுக்கு உரிய மரியாதை

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவரும் விலாசம் கொடுக்காமல் போய்விட்டார். ஆனால் ‘நாணயங்களின் மெய்த்தன்மை அறிதல் மற்றும் பழுதுற்றவற்றைப் புழக்கத்திலிருந்து விலக்கல் விதிகள்’ என்ற மகத்தான நூலை இயற்றியவர் நம் காலத்திலேயே வாழ்கிறார். மூன்றாம் மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே அவருடைய நாற்காலி. பலகையில் ‘இயக்குநர்’ என்றிருக்கும்.

அன்று விதிகளின் முதலாம் ஆண்டு விழா. அரங்கில் காலையிலிருந்து பாராட்டுரைகள். யாராவது ‘தொலைநோக்கு’ என்று சொல்லும்போதெல்லாம் இயக்குநர் அடக்கமாகத் தலைகுனிந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பதினோரு பேர் பேசினார்கள். எல்லோரும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். சிலர் இரண்டு தடவை. அடுத்தது தலைமை விருந்தினர். அதற்கடுத்து இவருடைய ஏற்புரை. அப்போதுதான், எந்தத் தொலைநோக்கும் தேவைப்படாமல், ஒரு விஷயம் அவருக்கு மிக அருகில் தெரிந்தது. எழுந்தார்.

அவருடைய அறையோடு சேர்ந்த கழிப்பறையைத் தலைமை விருந்தினருக்கென்று காலையிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். மூன்றாம் மாடிப் பொதுக் கழிப்பறையில் மூட்டைகள். புழக்கத்திலிருந்து விலக்கப்பட்ட நாணயங்கள், கூரை வரைக்கும். இரண்டாம் மாடியிலும் மூட்டைகள். முதல் மாடியில் கதவே திறக்கவில்லை. உள்ளேயிருந்து மூட்டை முட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருடச் சாதனையை இப்படி ஒருசேரப் பார்த்ததில் அவருக்குக் கண் கலங்கியது. கண் மட்டும் கலங்கியிருந்தால் பரவாயில்லை.

தரைத்தளத்துக்கு ஓடினார். அங்கே கட்டணக் கழிப்பறை. இரும்புக் கதவு, பக்கத்தில் மேசை, மேசைக்குப் பின்னால் சாவியம்மா. கழுத்துக் கயிற்றில் சாவி தொங்கும், அதனால் அந்தப் பெயர்.

“கதவைத் திறம்மா. சீக்கிரம்!”

“காசு, சார்.”

பைகளைத் துழாவினார். ஒன்றே ஒன்று அகப்பட்டது. சாவியம்மா அதை உடனே வாங்கவில்லை. கையுறையை எடுத்து, விரல் விரலாக மாட்டினார்.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

“விதி ஒன்பது. வெறுங்கை பட்டா காசு தேஞ்சிடும்.”

அந்த நிலையிலும் இயக்குநருக்கு மெய்சிலிர்த்தது. கடைக்கோடி மேசை வரை தம் விதி வந்து சேர்ந்திருக்கிறது!

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியாம என்ன சார். விதி வந்த மொத வாரத்துல ஒரு தேஞ்ச காசை வாங்கிட்டேன்னு ஒரு வாரச் சம்பளத்தைப் பிடிச்சீங்க. இன்னொரு தடவை நடந்தா வேலையே போயிடும்னு கடிதம் போட்டீங்க. என் பொண்ணுதான் படிச்சுக் காட்டுச்சு. கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு சார்.”

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். சளசளவென்று தண்ணீர் கொட்டியது.

“ஐயோ, அது எதுக்கு?”

“விதி பன்னிரண்டு. ஓடற தண்ணியில ரெண்டு நிமிஷம் கழுவணும்.”

ஒரு நிமிடம் போதும் என்று ஒரு விதிக்குழு உறுப்பினரும், மூன்று வேண்டும் என்று இன்னொருவரும் இரண்டு நாள் சண்டை போட்டதில் பிறந்த விதி அது. நடுநிலையாக ‘இரண்டு’ என்று தீர்ப்பளித்தவர் இயக்குநர். இப்போது அவர் ஒற்றைக் காலில் நின்றார். பிறகு அடுத்த காலில். பிறகு இரண்டையும் பின்னிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டார்.

“மூடும்மா குழாயை! ஒரு நிமிஷம் போதும்!”

“நானும் அதான் சார் நெனச்சேன். விதியைத் திருத்துங்க. திருத்தற வரைக்கும் ரெண்டு.”

அடுத்தது ஒலிச் சோதனை. முழங்கை உயரத்திலிருந்து காசை மூன்று தடவை தரையில் போட வேண்டும். சுற்றிலும் நிசப்தம் வேண்டும். முதல் தடவை டிங். இரண்டாம் தடவை டிங்.

“ஹ்ம்ம்ம்...” என்றார் இயக்குநர்.

“முனகிட்டீங்களே சார். மறுபடி மொதல்லேர்ந்து.”

அடுத்த முறை காசு மேசைக்கடியில் உருண்டது. ஓர் இயக்குநர் நான்கு காலில் தவழ்ந்து போய் அதை எடுத்தார். அவருடைய பதவிக் காலத்தில் அதைவிடக் கவனமாக அவர் எந்தக் காரியமும் செய்ததில்லை.

“நான் பின்சுவர்ப் பக்கம் போயிட்டு வந்துடறேன்மா...”

“எல்லாரும் அங்கதான் போனாங்க. முந்தாநாள் நீங்க காவல் போட்டுட்டீங்க. உங்க ஆபீஸ்ல பாதிப் பேர் இன்னிக்கு லீவு, கவனிக்கலியா?”

தராசு வந்தது. பூதக்கண்ணாடி வந்தது. சாவியம்மா காசின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது.

“எடை சரி, விளிம்புப் பல் சரி, சத்தம் சரி. அசல் காசு, சார்! அருமையான காசு!”

“கதவு! கதவு!”

சாவியம்மா காசை உறையில் போட்டு, அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்தினார்.

“என்னம்மா பண்றே?”

“விதி நாற்பத்தேழு. அசல்னு தெரிஞ்ச காசு கைமாறித் தேயக் கூடாது, கட்டணமா வாங்காம முத்திரை வச்சுப் பத்திரப்படுத்தணும். இந்தாங்க சான்றிதழ்.”

விதி நாற்பத்தேழு! பழுதான காசை விலக்கினால் போதுமா, நல்ல காசைப் பழுதாகாமல் காக்க வேண்டாமா என்று கேட்டு அவர் எழுதிய சிகரம். இன்று பதினோரு பேரும் அதைத்தான் புகழ்ந்தார்கள்.

“கெட்ட காசும் வாங்க மாட்டே, நல்ல காசும் வாங்க மாட்டே. பின்ன எந்தக் காசைத்தான் வாங்குவே?”

“அதைக் கேட்டுத்தான் சார் நாலு மனு போட்டேன்.”

“என்கிட்ட வரவே இல்லையே!”

“வந்துச்சு. மனுக் கட்டணத்தைக் காசா கட்டினாத்தான் உறையைப் பிரிப்போம்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க.”

மேலே ஒலிபெருக்கி முழங்கியது: “அடுத்து, நம் தொலைநோக்கு நாயகரின் ஏற்புரை!” கைதட்டல் எழுந்தது. அடைமழை கொட்டுவது போன்ற கைதட்டல். இயக்குநர் அதற்குமேல் தாங்கவில்லை.

கைதட்டல் ஓயும் வரை சாவியம்மா மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, ‘நாணயம்: சேதமில்லை’ என்று எழுதினார். பக்கம் முழுவதும் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“காசுக்குப் பதினெட்டுக் கட்டம் போட்டிருக்கீங்க சார். கொண்டு வர்ற ஆளுக்கு ஒரு கட்டம்கூட இல்ல.” தரையைக் காட்டினார். “இதை எங்க எழுதறது?”