வராதவர்களை ஆராயும் கூட்டணி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு செய்த அடுத்த பெரிய காரியம், அலபாமாவில் எங்கள் பெரிய பல்கலைக்கழகமும் ஹார்லோ என்ற ஊரின் சிறிய கறுப்பினக் கல்லூரியும் சேர்ந்து அமைத்த ‘ஆரோக்கிய சமத்துவக் கூட்டணி’. நோயிலும் சாவிலும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கறுப்பின நர்ஸ்களே ஆராய அவர்களைத் தயார் செய்வது நோக்கம். துணை ஒருங்கிணைப்பாளன் என்ற முறையில் முதல் ஆண்டின் சாதனையை நான் சொல்லியாக வேண்டும்: சின்னம் தயாராகிவிட்டது. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும். பெரிய கை எங்களுடையது.

ஹார்லோவிலிருந்து தேர்வானவர் ஒடெசா டாலிவர், பிரசவ வார்டு நர்ஸ். பிள்ளை பெற்ற பெண்கள் பிறகு ரத்த அழுத்தம் பார்க்க எங்கள் மருத்துவமனைக்கு ஏன் வருவதில்லை என்பது அவர் எடுத்த ஆய்வு. அப்படி வராத ஒருத்தி செத்தும் போயிருந்தாள். எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்து கூட்டணிக் குழுவின் முன் நேரில் விளக்கினால்தான் ஆய்வுக்கு அனுமதி.

ஒடெசா தொலைபேசியிலேயே விளக்கிவிடப் பார்த்தார். “பஸ் இல்ல டாக்டர், அதான் வர்றதில்ல.”

எங்கள் தலைவர் டாக்டர் விட்கோம்ப் இரக்கத்தோடு சிரித்தார். “அது அனுபவம்மா. ஆராய்ச்சின்னா கொஞ்சம் ஆழமா போகணும்.”

முதல் கூட்டத்துக்கு ஒடெசா வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. வீட்டில் இருக்கும் ஒரே காரைக் கணவர் கோழி இறைச்சி ஆலை வேலைக்கு எடுத்துப்போய்விடுகிறாராம். குழு ஆழமாகப் போய், காரணம் ‘ஆர்வக்குறைவு’ என்று கண்டுபிடித்தது. இன்னொரு முறை தவறினால் அவர் இடம் வேறொருவருக்கு.

ஆனாலும் நாங்கள் பெருந்தன்மையானவர்கள். நாமே ஹார்லோ போவோம், சர்ச் மண்டபத்தில் அவர் பேசட்டும், அந்தப் பெண்களையும் கூப்பிடட்டும் என்றார் தலைவர். அவர்கள் வரமாட்டார்கள், அதையும் நேரில் பார்த்துவிடலாம்.

சனிக்கிழமை குறித்தார். அன்று ஃபுட்பால் ஆட்டம் வெளியூரில் என்று நினைத்துவிட்டார். ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான். பல்கலைக்கழக வேன்களில் பேண்டு வாத்தியங்கள் ஏறிக்கொண்டன. சொந்தக் காரை எடுக்கலாம்தான். ஆனால் ஆட்ட நாளில் காரை எடுப்பவன் நிறுத்திய இடத்தை இழப்பான். ஆட்ட நாள் வழக்கப்படி, மைதான வாசலில் நிறுத்தியிருந்த தலைவரின் காருக்குப் பின்னால் அவர் மைத்துனர் பன்றி விலா சுட அடுப்பு வேறு மூட்டிவிட்டார்.

ஒடெசாவே போனில் கூப்பிட்டார். “பொறப்பட்டுட்டீங்களா டாக்டர்?”

“மன்னிக்கணும் மிஸ் ஒடெசா. காரை நகத்த முடியல.”

“அப்போ பஸ்ஸப் புடிச்சு வாங்களேன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கைபேசியில் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன்.

“பஸ் எதுவும் இல்லம்மா.”

“இது அனுபவமா டாக்டர், ஆராய்ச்சியா?”

தலைவர் விலா எலும்பைக் கீழே வைத்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்றார்.

குழு அடுப்பைச் சுற்றியே அவசரமாகக் கூடியது. எங்கள் வராமைக்குக் காரணம் ‘தவிர்க்க முடியாத சூழ்நிலை’ என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒடெசா நேரில் விளக்காததால், அவர் இடம் அன்றோடு போனது.

ஹார்லோ சர்ச் மண்டபத்துக்கு அன்று அந்தப் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒடெசா ஒவ்வொருவருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பினார்.

வராதவர்கள் நாங்கள் மட்டும்தான்.