பெடல் சித்தரின் அரைமணி நேரம்

ஒரு டம்ளர் டீ குடித்தே ஒரு காரின் பிரேக்கைச் சரிசெய்தவன் நான். ஸ்பேனரைத் தொடவில்லை, காருக்கு அடியில் படுக்கவில்லை, சீட்டை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள். பஸ் டிப்போவில் முப்பத்துநாலு வருஷம் டைம் கீப்பராக இருந்தேன். நான் சொன்ன நேரத்தை ஒரு டிரைவரும் நம்பியதில்லை. பழகிவிட்டது.

என்னை நம்பாத இதே ஜனங்கள் பெடல் சித்தரை நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சரிவு ரோட்டின் அடியில் நின்று பார்த்திருக்க வேண்டும். நம் எல்லோரையும்விட வயதான கார்கள் வரிசையாக நிற்கும். வரிசையின் தலை சலூன் வாசலில், வால் எனக்குத் தெரிந்து அடுத்த தேசத்தில். ஒவ்வொரு காரின் பக்கத்திலும் துணியும் பாலிஷ் டப்பாவுமாக ஒரு சொந்தக்காரர். பெண்டாட்டியின் பிறந்தநாள் மறந்துபோகும், வண்டி பிறந்த வருஷம் மறக்காது. வண்டியில் புதிதாக ஒரு திருகாணிகூட இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ‘ஒரிஜினல்’ என்று சொல்லும்போதே கண் கலங்கிவிடும்.

சித்தர் கடை விரிக்க அந்த ஈரம் போதும்.

“பழைய உடம்புல புதுப் பாகத்தை மாட்டினா வண்டியோட உயிர் வெளியேறிடும்” என்பார். “பிரேக் புடிக்கலையா? அது பழுது இல்ல, கோபம். நான் பேசிச் சமாதானம் பண்றேன்.”

சமாதானத்துக்கு முறை உண்டு. முதலில் சொந்தக்காரர் சரிவின் உச்சியிலிருந்து இறங்கி வர வேண்டும். வழியில் பன்னிரண்டு தடவை அழுத்திப் பிரேக் போட வேண்டும், வண்டி மனக்குறையைக் கொட்டித் தீர்ப்பதற்காக. அடியில் சமதரை, ரோட்டின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டில் பிரேக் போட்டால் வண்டி நிற்காது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போவதுபோல ஓடி, பதினைந்து கார் நீளம் தாண்டி மெதுவாக நிற்கும். கூட்டம் உச்சுக் கொட்டும். சித்தர் ஏறி உட்கார்ந்து, வெறுங்காலைப் பெடல்மேல் வைத்து, கண்ணை மூடி அரைமணி நேரம் முனகுவார். அதுவரை யாரும் சக்கரத்தின் பக்கம் போகக் கூடாது. தொட்டால் அதிர்வு கலைந்துவிடுமாம். பிறகு அதே சமதரையில் ஒரு சுற்று. அதே கோடு, அதே வேகம், நாலே கார் நீளத்தில் வண்டி சமர்த்தாக நிற்கும். காணிக்கைத் தட்டு நிரம்பும். கோபம் மறுபடி வருமாம், அதனால் மாதம் ஒருமுறை அவரிடம் வந்தாக வேண்டும்.

இந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் என் தங்கை புருஷன். ரிட்டயரான கணக்கு வாத்தியார். நிரூபணம் எழுதாதவனுக்கு ஆயுளில் ஒரு மார்க் போட்டதில்லை.

அவர்கள் வீடு சரிவின் உச்சியில் இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் மச்சான் தங்கையை முன்சீட்டில் உட்காரவைத்து இறங்கினார். பிரேக் பிடிக்கவில்லை. வண்டி முச்சந்தியைத் தாண்டி, சலூனுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. உள்ளே பாதி மீசை எடுத்திருந்த ஆசாமி மீதி மீசையோடு பின்வாசலால் ஓடினார், இன்றுவரை திரும்பவில்லை. தங்கை கதவைத் திறந்து இறங்கினாள். மேடேறி வீட்டுக்கு நடந்தாள்.

“பிரேக்கை மாத்துற வரைக்கும் நான் ஏற மாட்டேன்” என்றாள் அன்று மாலை. “நீங்களும் ஏறக் கூடாது.”

மச்சான் மாற்றவில்லை. சித்தரிடம் போனார். மாதாமாதம் போனார். தினமும் வண்டியை எடுத்தார். அவர் இறங்கும்போதெல்லாம் தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே முச்சந்தியில் ஹாரன் கேட்கும்வரை அசையாமல் நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் நான் மிகைப்படுத்தவில்லை.

அவர்கள் மகள் லாரி பட்டறையில் பிரேக் மெக்கானிக். சித்தரை ஒருநாளும் நம்பாத ஒரே ஆள்.

“அப்பா, முன்சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்டுத் தரேன். லேசா மிதிச்சாலே புடிக்கற மாதிரி ஒரு பூஸ்டரும் வச்சிடலாம். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.”

“என் வண்டிக்கு ஒட்டுப் போடச் சொல்றியா? அதோட உயிர் என்ன ஆகும்?”

“உங்க பல்லே ஒட்டுதானேப்பா. உங்க உயிர் போயிடுச்சா?”

மச்சான் வாயை மூடிக்கொண்டார், பல் தெரியாமல்.

அடுத்த நாள் அவள் என்னிடம் வந்தாள். “மாமா, ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு உதவி. அரைமணி நேரம் சும்மா உக்காந்து டீ குடிக்கணும். முடியுமா?”

“அதுக்குத்தாம்மா நான் பொறந்ததே.”

ஞாயிறன்று கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள். “சாமி, இன்னைக்கு ரெண்டு வண்டியை இறக்கலாம். எங்கப்பா வண்டியில நீங்க உக்காருங்க. வரிசையில நிக்கற பல் டாக்டர் வண்டியும் அதே கம்பெனி, அதே வருஷம். அதுல எங்க மாமா உக்காருவார்.”

“அவர் என்ன ஓதுவார்?”

“பேப்பர் படிப்பார்.”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தரும் சிரித்தார். சிரித்துவிட்டதால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

இரண்டு வண்டிகளும் இறங்கின, குறையைக் கொட்டின, கோட்டைத் தாண்டி ஓடின. சித்தர் அங்கே ஏறினார், நான் இங்கே ஏறினேன். அவர் முனகினார். நான் டீ குடித்தேன், காணவில்லை விளம்பரங்களைப் படித்தேன், கடைசிப் பத்து நிமிஷம் குறட்டை விட்டேன் என்கிறார்கள். அரைமணி முடிந்தது. மச்சான் வண்டி நாலு கார் நீளத்தில் நின்றது. பல் டாக்டர் வண்டி அதைவிட ஒரு சாண் முன்னாலேயே நின்றது. என் குறட்டைக்கு அவர் மந்திரத்தைவிட ஒரு சாண் சக்தி அதிகம்.

 கூட்டத்தார் யோசித்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

“ஐயா, என் வண்டியிலயும் ஒரு டீ குடிக்க மாட்டீங்களா?” என்றார் வரிசையில் நின்ற ஒரு டெய்லர். ஒருவர் பிளாஸ்க்கோடு வந்தார். இன்னொருவர் செருப்பைக் கழற்றினார். சித்தர் என் காதருகே குனிந்து, “பாதிப் பாதி” என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் சபலப்பட்டேன்.

“யாரும் யார் கால்லயும் விழ வேண்டாம்” என்றாள் தங்கை மகள். “அப்பா, மறுபடி மேல போய் இறங்கி வாங்க.”

மச்சான் ஏறினார், இறங்கினார், பன்னிரண்டு பிரேக், கோட்டைத் தாண்டினார்.

“சாமி, இப்ப ரெண்டே நிமிஷம் ஓதுங்க.”

“அரைமணி வேணும்மா.”

“வேகமா ஓதுங்க சாமி. அதிர்வுதானே.”

தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டுபோல ஓதினார். என் கடிகாரத்தில் சரியாக இரண்டு நிமிஷம். மச்சான் சமதரையில் சுற்றி வந்து கோட்டில் பிரேக் போட்டார். வண்டி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

அது நின்ற இடத்துக்கு எல்லோரும் ஓடினோம். தங்கை மகள் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரைச் சக்கரத்தின் உள்பக்கம் தெளித்தாள். தோசைக்கல்லில் தெளித்ததுபோல ‘சுர்’ என்றது.

“இதுக்குத்தான் சக்கரத்தைத் தொடாதீங்கன்னார். இந்தக் காலத்து டிஸ்க் காத்துல நிக்கும், சீக்கிரம் ஆறும். பழைய டிரம் மூடின டப்பா, சூடு உள்ளயே நிக்கும். தொடர்ந்து பிரேக் போட்டா சூடாகி வழுக்கும். அரைமணி நிறுத்தி வச்சா ஆறிப் புடிக்கும். சாமி முனகினாலும் ஆறும், மாமா தூங்கினாலும் ஆறும்.”

திரும்பிப் பார்த்தால் சித்தரைக் காணவில்லை. சலூனுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த தன் சொந்தக் காரில், தட்டோடு ஏறிக்கொண்டிருந்தார். பளபளவென்று புத்தம் புதுக் கார். கிளப்பினார். சலூன்காரர் சீப்பும் கையுமாகக் குறுக்கே வந்து நின்றார். கார் அவருக்கு ஒரு முழம் முன்னால் கச்சிதமாக நின்றது.

தங்கை மகள் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். “நாலுலயும் டிஸ்க்” என்றாள்.

சலூன்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “சாமி, உங்க வண்டிக்கு மட்டும் கோபமே வராதா?”

காணிக்கைத் தட்டு ஜன்னல் வழியாக வெளியே வந்தது. கார் போனது. அதன்பிறகு வரவில்லை.

ஒரு வாரத்தில் மச்சான் வண்டிக்கு டிஸ்க் ஏறியது. பழைய டிரம்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் வைத்துக் கொடுத்தாள் மகள். “வேணும்னா தலைமாட்டுல வச்சுத் தூங்குங்க.” அடுத்த ஞாயிறு பன்னிரண்டு பிரேக்கும் போட்டு இறங்கினார், முனகலும் இல்லை, டீயும் இல்லை, வண்டி கோட்டைத் தாண்டி மூன்றே கார் நீளத்தில் நின்றது. தங்கை மேலேயிருந்து நடந்து வந்தாள். சக்கரத்தைத் தானே தொட்டுப் பார்த்தாள். முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மச்சானுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மகளைப் பார்த்தார்.

“இருந்தாலும், மூணு தடவை அவர் ஓதி முடிச்சதும் பிரேக் புடிச்சுது. என் காலுக்கு அடியில புடிச்சுது. அது நடக்கலைன்னு சொல்லுவியா?”

“நடந்துதுப்பா” என்றாள் அவள். “நடக்கலைன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க பாத்தது அத்தனையும் நிஜம். ஏன் நடந்துதுங்கறதை மட்டும், தட்டு வச்சிருந்தவர்கிட்டயே போய்க் கேட்டீங்க.”