தலைப்பாகிப்போன சிவலட்சுமி

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போனால், காட்டு ஓரத்தில் எங்கள் குடியேற்றம். புரட்டாதி மாதத்தில் யானைக் கூட்டம் ஒன்று அங்கே உத்தியோகபூர்வ விஜயம் மேற்கொண்டது. வயல் பக்கம் அவை போகவில்லை. வயலில் அப்போது ஒன்றுமில்லை என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது. நேரே வீடுகளுக்கு வந்து, சுவரைத் தள்ளி, மாரி மழையோடு விதைக்கும் காலபோகத்துக்கு என்று நாங்கள் கட்டி வைத்திருந்த விதைநெல்லைத் தின்றன. முதல் வீடு சிவலட்சுமியுடையது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். இப்போது அவர் தனி ஆளாக இரண்டு ஏக்கர் செய்கிறார்.

தின்ற நெல்லுக்கு ஈடாக விதைநெல் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். யார் முன், யார் பின் என்று நாங்கள் அடிபடக்கூடாது என்பதற்காக, யானைகள் வந்த ஒழுங்கிலேயே எங்களைப் பதிவதென விதைப் பங்கீட்டு உப அலுவலகம் தீர்மானித்தது. ஆகவே சிவலட்சுமி முதலாவது. யானைகளின் முன்னுரிமைக்கு மதிப்பளிக்கப்பட்டதில் எங்களுக்கும் திருப்திதான்.

உப அலுவலகத்தில் கௌசலா என்றொரு பிள்ளை வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. எல்லோருடைய விவரத்தையும் கணனியில் விரிதாள் ஒன்றில் கட்டம் கட்டமாக அடித்தாள். மேலே இலச்சினை, அதற்குக் கீழே மும்மொழியில் அலுவலகத்தின் பெயர், பிறகு ஒரு பச்சைப் பட்டி, அதன்கீழ் ‘பெயர்’, ‘பால்’, ‘மூடை’ என்று தலைப்புகள். பார்க்கக் கலியாண அழைப்புக் காட் மாதிரி இருந்தது.

தலைமை அலுவலகத்திலோ விரிதாள் இல்லை, தரவுத்தளம். குத்துவிளக்கேற்றி, ரோல்ஸும் பற்றிஸும் பரிமாறித் திறந்துவைத்த தரவுத்தளம். அதில் பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்கள். தரவுத்தளம் மட்டும் போகவில்லை. விரிதாளும் அதுவும் ஒரே அரசாங்கத்தின் பிள்ளைகள், ஆனால் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

கௌசலா அனுப்பிய கோப்பு திறக்கவில்லை என்று கடிதம் வந்தது. பழைய வடிவில் அனுப்பினாள். வடிவம் அளவுக்கு மீறிப் பழையது என்று வந்தது. நடுத்தர வயதில் ஒன்று தேடி அனுப்பினாள். அது திறந்தது, ஆனால் உள்ளே நாங்கள் எல்லோரும் கேள்விக்குறிகளாக நின்றோம். எழுத்துருவை மாற்றியதும் கேள்விக்குறிகள் போய் வெறும் பெட்டிகளானோம். கடைசியில் ஒரு சுற்றுநிருபம்: “கோப்பின் மேற்பகுதியில் காணப்படும் அலங்காரங்கள் யாவும் தாமதமின்றி அகற்றப்படல் வேண்டும்.”

கௌசலா அகற்றினாள். இலச்சினை போயிற்று, பச்சைப் பட்டி போயிற்று. ‘யாவும்’ என்று இருந்தபடியால் ‘பெயர்’, ‘பால்’, ‘மூடை’யும் போயின.

இந்த முறை தரவுத்தளம் கோப்பை மடமடவென்று விழுங்கியது. எந்தக் கோப்பிலும் முதல் நிரை தலைப்பு என்பதுதான் அதற்குப் படிப்பித்த ஒரே பாடம். முதல் நிரையில் இருந்தது ‘சிவலட்சுமி, பெண், இரண்டு மூடை’. எனவே அவர் தலைப்பானார். அவருக்குக் கீழே நாங்கள் எல்லோரும் வயல் செய்கிற கமக்காரர்களாக இறங்கினோம்.

விதைநெல் வந்த அன்று படிவம் தந்தார்கள். இரண்டாவது வீட்டுக்காரரும் கமக்காரர் அமைப்பின் தலைவருமான ஐயாத்துரை அண்ணர், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்.

“சிவலட்சுமி: ஐயாத்துரை. பெண்: ஆண். இரண்டு மூடை: மூன்று மூடை.”

கண்ணாடியைக் கழற்றினார். “பிள்ளை கௌசலா, நான் எப்ப சிவலட்சுமி ஆனனான்?”

“இல்லை ஐயா, நீங்கள் சிவலட்சுமி இல்லை. உங்கட சிவலட்சுமி ஐயாத்துரை.”

“என்ர மனிசி கேட்டால் என்ன நடக்குமெண்டு தெரியுமோ?”

“அவாக்கும் ஒரு சிவலட்சுமி இருக்கும் ஐயா. ஒப்பம் வையுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்.”

அண்ணர் மூன்று மூடையையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒப்பம் வைத்தார். எனக்கு ஒரு மூடை. நானும் வைத்தேன். மூடையோடு நிற்கிற ஆளுக்குப் படிவத்தில் பிழை தெரிவதில்லை.

கடைசியாகச் சிவலட்சுமி வந்தார்.

“மிஸ், என் பேரு இன்னும் கூப்பிடலைங்களே?”

கௌசலா திரையை மேலும் கீழும் உருட்டினாள். “அக்கா, நீங்கள் கீழை இல்லை. மேலை இருக்கிறியள்.”

“மேல இருந்தா நெல்லு இல்லீங்களா?”

விஷயம் உதவிப் பணிப்பாளர் ஜனார்த்தனனிடம் போனது. அவர் சிவலட்சுமியைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி எடுப்பித்து, மிகுந்த மரியாதையோடு விளங்கப்படுத்தினார்.

“அம்மா, நீங்கள் ஒரு தலைப்பு. இவ்வளவு கமக்காரரும் உங்களுக்குக் கீழைதான் நிக்கினம். எனக்குக்கூட அப்பிடி ஒரு இடம் கிடைக்கேல்லை.”

“சேர், மழை வரப்போவுது. எனக்கு ரெண்டு மூடை குடுத்தீங்கன்னா நான் கீழயே இருந்துக்கிறேன்.”

“தலைப்புக்கு நெல் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லையம்மா. இண்டைக்கு உங்களுக்குக் குடுத்தால், நாளைக்கு ‘பெண்’ வந்து கேட்கும், அதுக்கு மற்ற நாள் ‘இரண்டு மூடை’ வரும். நான் ஆருக்கெண்டு குடுக்கிறது?”

புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார். முதல் வரி ‘சிவலட்சுமி’. அதன் எதிரே சிவலட்சுமி தன் பெயரை நிதானமாக எழுதிக் கொடுத்தார். ‘விண்ணப்பதாரி வினாவையே விடையாகப் பிரதி செய்துள்ளார், நிராகரிக்கப்படுகிறது’ என்று திரும்பி வந்தது.

கௌசலாவுக்கு மனம் கேட்கவில்லை. சிவலட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு வழி இருக்கு. வேறை ஏதும் சிவலட்சுமி குடுங்கோ. ‘பெயர்’ எண்டு போடுவமே? அந்தச் சொல் இப்ப வேலையில்லாமல் சும்மாதானே கிடக்கு. ‘பெண்’ணுக்கு நேரை ‘ஆண்’ எண்டு போட்டால் உடனை எடுக்கும்.”

சிவலட்சுமிக்கு முகம் சிவந்துவிட்டது. “மிஸ், நாங்க எந்த நாட்டு ஆளுங்கன்னே ஒரு காலத்துல எழுதித் தர மாட்டேன்னாங்க. இந்தப் பேருல ஒரு அடையாள அட்டை எடுக்க எங்கப்பா ஏறாத கந்தோர் இல்ல. காணிப் பத்திரமும் இந்தப் பேருலதான் வந்திச்சு. ரெண்டு மூடைக்காக நான் இதை விட மாட்டேன்.”

கௌசலா தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், கணனிக்கு இதை எந்தக் கட்டத்தில் அடிப்பாள்?

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் மழையோடு விதைக்காவிட்டால் இந்தப் போகம் அவருக்கு இல்லை. எங்களிடம் இருந்த நெல்லோ எங்கள் வயலுக்கே மட்டுமட்டு. ஆகவே கமக்காரர் அமைப்பு அவசரக் கூட்டம் கூட்டி, எல்லோரும் ஒப்பமிட்ட மகஜர் ஒன்றை மேலிடத்துக்குக் கொடுப்பதென முடிவு செய்தது. ஐயாத்துரை அண்ணர் எழும்பி, கணனியையும் அதைக் கண்டுபிடித்தவனையும் அவன் பரம்பரையையும் கிழித்துக் காயப்போட்டார். “ஒரு மனிசியைத் தலைப்பு எண்டு சொல்லுறதுக்கு இவங்கள் ஆர்?” என்று அவர் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு கைதட்டல்.

மகஜர் சுற்றுக்கு வந்தது. முதல் ஆள் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். ஒப்பமில்லாமலே அது அண்ணரிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இது சரிவராது” என்றார். “இதிலை பெயர், கையொப்பம் எண்டு கிடக்கு. சிவலட்சுமி எழுத இடமில்லை. உப்பிடிக் குடுத்தால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்.”

அவர் சொன்னது நியாயம். ‘பெயர்’ என்பதை வெட்டி, அண்ணரே தன் கையால் ‘சிவலட்சுமி’ என்று வடிவாக எழுதினார். அதன் பிறகு பேனா நிற்கவில்லை. எல்லோரும் வரிசையாக எங்கள் எங்கள் சிவலட்சுமியை எழுதி ஒப்பமிட்டோம்.

கடைசியில் பேனா சிவலட்சுமியின் கைக்கு வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பெயரை எழுதக் குனிந்தார்.

“ஐயோ பிள்ளை, பொறும்!” அண்ணர் பாய்ந்து வந்து தாளை இழுத்துக்கொண்டார். “நீர் உதிலை எழுதினால் முழு மகஜரும் பழுதாப் போயிடும்.”

நாங்கள் எல்லோரும் ஓம் என்று தலையாட்டினோம். அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கியது. கூட்டத்தை முடிக்கவும் நேரமில்லை, விதைப்பதற்காக எல்லோரும் வயலுக்கு ஓடினோம்.